கிராபிக்ஸ் கார்டு தலைமுறைகளை ஒப்பிடுவது, கேமிங் மவுஸ் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

கேமிங்குக்கென்று கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பட்ஜெட்டில் பெரும்பங்கை கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிவிட்டு, கடைசியில் கையில் மிஞ்சுவதில் ஒரு மவுஸ் வாங்குகிறார்கள். கார்டு எடுக்கும்போது பெயரில் உள்ள எண்ணைப் பார்க்கிறார்கள். மவுஸ் எடுக்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் டிபிஐ (சென்சாரின் நுணுக்கம்) எண்ணைப் பார்க்கிறார்கள். இரண்டு எண்களுமே பாதிக் கதையைத்தான் சொல்கின்றன. விளையாடும்போது நமக்கு உறைப்பது, கை அசைந்த பிறகு திரை அசைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான். அந்தத் தாமதத்தில் கார்டுக்கும் பங்கு உண்டு, மவுஸுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் படி: ஏற்கெனவே இருப்பதைக் கணக்கெடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் நான்கு விஷயங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: மானிட்டரின் ரெசல்யூஷனும் ரெஃப்ரெஷ் ரேட்டும், ப்ராசசர் மாடல், மதர்போர்டு மாடல், எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) வாட் அளவு. 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர் ஒரு நொடிக்கு 60 ஃபிரேம்தான் பார்க்க முடியும். அவருக்கு உயர்ந்த கார்டைவிட 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் அதிகம் உதவும். 60 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 60 ஃபிரேம்) ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். 144-இல் அது 6.9 மில்லிசெகண்டாகக் குறைகிறது. குறி வைத்துச் சுடும் கேம்களில் இந்த வித்தியாசத்தைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

மதர்போர்டில் பார்க்க வேண்டியது, கார்டைச் செருகும் இணைப்பான பிசிஐஇயின் தலைமுறை. பி450, ஏ320, எச்310 போன்ற போர்டுகள் பிசிஐஇ 3.0. இது ஏன் முக்கியம் என்று நான்காம் படியில் வரும்.

இரண்டாம் படி: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

என்விடியா கார்டு பெயரில் கடைசி இரண்டு எண்கள் வகுப்பு, அதற்கு முன்னால் இருப்பது தலைமுறை. 3060 என்றால் 30-ஆம் தொடர், 60 வகுப்பு. தொடர்கள் வந்த வரிசை இது: 2016-இல் பாஸ்கல் என்ற ஜிடிஎக்ஸ் 10, 2018-இல் டூரிங் என்ற ஆர்டிஎக்ஸ் 20, 2020-இல் ஆம்பியர் என்ற 30, 2022-இல் ஏடா லவ்லேஸ் என்ற 40, 2025-இல் பிளாக்வெல் என்ற 50. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 5000, 6000, 7000, பிறகு டெஸ்க்டாப்பில் 8000-ஐத் தாண்டி நேராக 9000. 2025-இல் அவர்களும் 9060, 9070 என்று என்விடியாவின் பாணிக்கே பெயர்களை மாற்றிக்கொண்டார்கள். இன்டெலின் ஆர்க் வரிசை 2022-இல் ஏ தொடராகத் தொடங்கி, 2024 டிசம்பரில் பி580 வந்தது.

ஒரே பெயரில் வேறு வேறு சரக்கு வருவதுதான் இங்கே பெரிய தொல்லை. ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபி கார்டுக்கு 1280 கோர் (சிப்பில் கணக்குப் போடும் சிறு அலகு), 3 ஜிபி கார்டுக்கு 1152 கோர். ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி கார்டின் மெமரி பஸ் (மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதை) 192 பிட் அகலம், பின்னால் வந்த 8 ஜிபி கார்டு 128 பிட். 3050-இன் 6 ஜிபி பதிப்பில் மெமரி மட்டுமல்ல, கோரும் பஸ் அகலமும் 8 ஜிபி பதிப்பைவிடக் குறைவு. மெமரி அளவைச் சொல்லாமல் "3060 இருக்கு" என்று யாராவது விலை சொன்னால், எது என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

லேப்டாப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது. லேப்டாப்பில் வரும் 4060 எத்தனை வாட்டில் ஓடுகிறது என்பதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதுவும் இருக்கலாம். ஒரே பெயர் கார்டு உள்ள இரண்டு லேப்டாப்களின் வேகத்தில் பெரிய இடைவெளி இருக்கலாம்.

மூன்றாம் படி: ஒரே வகுப்பைத் தலைமுறை தலைமுறையாக ஒப்பிடுங்கள்

"புது தலைமுறை என்றால் வேகம்" என்பது எவ்வளவு தூரம் உண்மை என்பதை 60 வகுப்பை வைத்தே பார்த்துவிடலாம். அதிகம் பேர் வாங்கும் வகுப்பு இதுதான்.

ஜிடிஎக்ஸ் 1060, 2016: 6 ஜிபி, 192 பிட் பஸ், நொடிக்கு 192 ஜிபி மெமரி வேகம், 120 வாட்.
ஆர்டிஎக்ஸ் 2060, 2019: 6 ஜிபி, 192 பிட், 336 ஜிபி, 160 வாட்.
ஆர்டிஎக்ஸ் 3060, 2021: 12 ஜிபி, 192 பிட், 360 ஜிபி, 170 வாட்.
ஆர்டிஎக்ஸ் 4060, 2023: 8 ஜிபி, 128 பிட், 272 ஜிபி, 115 வாட்.
ஆர்டிஎக்ஸ் 5060, 2025: 8 ஜிபி, 128 பிட், 448 ஜிபி, 145 வாட்.

3060-இலிருந்து 4060-க்கு வரும்போது மூன்று எண்கள் கீழே இறங்கியிருக்கின்றன: மெமரி, பஸ் அகலம், மெமரி வேகம். கோர் எண்ணிக்கைகூட 3584-லிருந்து 3072 ஆகக் குறைந்தது. ஆனாலும் 1080பி-யில் பெரும்பாலான கேம்களில் 4060 தான் முன்னால் நிற்கிறது. காரணம், 30 தொடர் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் தயாரானது. 40 தொடர் டிஎஸ்எம்சியின் மேம்பட்ட முறைக்கு மாறியது. அதனால் பூஸ்ட் கிளாக் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46-க்கு ஏறியது, மின்சாரச் செலவும் குறைந்தது. குறுகிய பஸ்ஸை ஈடுகட்ட எல்2 கேஷை 3 எம்பியிலிருந்து 24 எம்பி ஆக்கினார்கள். அடிக்கடி தேவைப்படும் டேட்டா சிப்புக்குள்ளேயே கிடைத்துவிட்டால் வெளி மெமரிக்குப் போக வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு டெக்ஸ்சர்கள் (கேமில் பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) 8 ஜிபிக்குள் அடங்கும் வரை நன்றாக ஓடும். தாண்டிவிட்டால் எந்தக் கேஷும் காப்பாற்றாது. சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு தெருமுனையில் திரும்பும்போது படம் சட்டென்று திக்கும். அந்த இடத்தில் பழைய 3060 12 ஜிபி சீராக ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1060, 2060, 3060 மூன்றும் சிப் பெயரில் 106 என்று முடிபவை. 4060-க்குக் கொடுக்கப்பட்டது ஏடி107. பாஸ்கல் காலத்தில் 107 என்று முடிந்த சிப்பை 1050-க்குப் போட்டார்கள். அதாவது ஒரு படி சிறிய சிப்புக்கு 60 என்ற பெயர் வந்தது. 5060-இல் மறுபடி 06 என்று முடியும் ஜிபி206 என்ற சிப் வந்திருக்கிறது. 4060 பாய்ச்சலாக இல்லாமல் ஒரு சின்ன அடியாக மட்டும் இருந்ததன் காரணம் புரிய இது ஒன்றே போதும்.

கோர் எண்ணிக்கையைத் தலைமுறை தாண்டி ஒப்பிடவே கூடாது. 2060-இல் 1920, 3060-இல் 3584. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் கேம்களில் வேகம் இரண்டு மடங்கு பக்கத்தில்கூட வரவில்லை. ஆம்பியரில் கோரை எண்ணும் அடிப்படையே மாறிவிட்டது என்பதுதான் விஷயம்.

தலைமுறை மாறும்போது வேகத்தைவிட அழுத்தமாக வித்தியாசப்படுவது, எந்த வசதி கிடைக்கிறது என்பது. 10 தொடரில் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருளும் இல்லை, குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து ஏஐயால் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸும் இல்லை. 2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதில்லை. 2025 அக்டோபரோடு என்விடியா 10 தொடருக்கான கேம் டிரைவர்களையும் நிறுத்திவிட்டு, பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவதாக அறிவித்தது. 1060 நன்றாக உழைத்த கார்டுதான். ஏற்கெனவே இருந்தால் ஓட்டுங்கள், இன்று காசு கொடுத்து வாங்காதீர்கள்.

நான்காம் படி: பெஞ்ச்மார்க்கைச் சரியாகப் படியுங்கள்

2025 ஜனவரியில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் மேடையில், 549 டாலர் 5070 கார்டு 4090-இன் செயல்திறனைத் தரும் என்றார். அந்த ஒப்பீடு டிஎல்எஸ்எஸ் 4-இன் மல்டி ஃபிரேம் ஜெனரேஷனை நம்பி நிற்பது. கார்டு உண்மையாக வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் மூன்று ஃபிரேம் வரை ஏஐ ஊகித்துப் போடுகிறது. எஃப்பிஎஸ் மீட்டரில் எண் ஏறும். கையில் இருக்கும் மவுஸுக்கு அது தெரியாது.

30 எஃப்பிஎஸ்ஸில் தடுமாறும் ஒரு கேமை நான்கு மடங்காக்கி 120 என்று காட்டினால், படம் வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். ஆனால் உங்கள் கிளிக்குக்குக் கேம் பதில் சொல்வது உண்மையான ஃபிரேமில்தான், அதாவது 33 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. போதாக்குறைக்கு, இடையில் ஃபிரேம் செருக வேண்டுமானால் அடுத்த உண்மையான ஃபிரேம் தயாராகும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் தாமதம் கொஞ்சம் கூடவே செய்யும். 60, 70 எஃப்பிஎஸ் சொந்தமாக வரும் கதைசார் கேமில் ஃபிரேம் ஜெனரேஷன் அருமையான வசதி. வேலரன்ட் போன்ற போட்டிச் சுடும் கேம் ஆடுபவருக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை.

ஆகவே ஒப்பிடும்போது நான்கையும் ஒரே மாதிரி வைத்துப் பாருங்கள்: ஒரே ரெசல்யூஷன், ஒரே செட்டிங், அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்து பெரிதாக்குவது) ஆஃப், ஃபிரேம் ஜெனரேஷன் ஆஃப். சராசரியோடு "1 சதவீத லோ" என்ற எண்ணையும் பாருங்கள். மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம் அது. திக்கல் எவ்வளவு என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். எனக்கு சராசரி 90, லோ 70 உள்ள கார்டுதான் வேண்டும். சராசரி 105, லோ 45 வேண்டாம்.

அப்ஸ்கேலிங் தனியாக மதிப்பிட வேண்டியது. டிஎல்எஸ்எஸ் எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் ஓடும். 2025-இல் வந்த புது மாடல்கூட 20 தொடர் வரை கிடைத்தது. ஃபிரேம் ஜெனரேஷன் 40 தொடரிலிருந்து, மல்டி ஃபிரேம் 50 தொடருக்கு மட்டும். ஏஎம்டியின் அப்ஸ்கேலிங்கான எஃப்எஸ்ஆர் 4 தரத்தில் பெரிய முன்னேற்றம், அது அறிமுகமானது 9000 தொடருக்காக. ஆர்எக்ஸ் 6000, 7000 கார்டு வாங்கும்போது இதையும் எடைபோடுங்கள்.

இப்போது பிசிஐஇ. 4060, 5060, ஆர்எக்ஸ் 6600, ஆர்க் பி580 எல்லாம் எட்டு லேன் (டேட்டா போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துகின்றன. பிசிஐஇ 3.0 போர்டில் அந்த எட்டு லேனின் வேகம் பாதியோ அதற்கும் கீழோ ஆகிவிடும். மெமரிக்குள் அடங்கும் கேமில் இழப்பு சிறியது. 8 ஜிபி நிரம்பி, கார்டு கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து டேட்டா இழுக்கத் தொடங்கினால் அப்போது அடி பலமாக விழும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கே லேன்; பழைய போர்டுக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு லேன் கார்டு, பழைய போர்டில் நிம்மதியாக உட்காரும். பி580 எடுப்பவர்கள் போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் நேரடியாக அணுகும் வசதி) இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; பழைய ப்ராசசரோடு அந்தக் கார்டு கணிசமாக வேகம் இழக்கிறது.

என் தேர்வைக் கேட்டால்: வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 மட்டும் ஆடுபவருக்கு 8 ஜிபி போதும். புதிய பெரிய கேம்களை மூன்று நான்கு வருடம் ஆட நினைப்பவர் 9060 எக்ஸ்டி 16 ஜிபி அல்லது 5060 டிஐ 16 ஜிபி எடுக்கட்டும். இந்த இரண்டுமே 8 ஜிபியிலும் வருகின்றன, அறிமுக விலையில் 50 டாலர்தான் வித்தியாசம். அந்தக் காசை மிச்சம் பிடிப்பது நல்ல பேரம் இல்லை.

ஐந்தாம் படி: செகண்ட் ஹேண்ட் என்றால்

2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நெட்வொர்க், கிராபிக்ஸ் கார்டால் நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டதும் 30 தொடர், ஆர்எக்ஸ் 6000 கார்டுகள் குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. விசிறியும் தெர்மல் பேடும்தான் தேய்ந்திருக்கும்.

போலி கார்டுதான் உண்மையான ஆபத்து. பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டின் பயோஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி 1050 டிஐ என்று விற்பது நெடுநாளைய மோசடி. பின்பக்கம் விஜிஏ போர்ட் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்; 10 தொடரில் என்விடியா அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டது. ஆர்எக்ஸ் 580-இல் 2304 ஷேடர் (ஏஎம்டியில் கோருக்கு இந்தப் பெயர்) இருக்க வேண்டும், 2048 என்று காட்டினால் அது ஏறக்குறைய 570. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, முன்பின் தெரியாதவர் வீடோ, எங்கே வாங்கினாலும் ஜிபியு-இசட் மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். ஓட்டியதும் சிப் பெயர், ஷேடர் எண்ணிக்கை, பஸ் அகலம், லேன் எல்லாம் வரும். பிறகு கார்டை முழுச் சுமையில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க்கைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, விசிறி கரகரக்கிறதா என்று பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். வாரன்டி சில தயாரிப்பாளர்களிடம் சீரியல் எண்ணைப் பொறுத்தது, சிலர் பில் கேட்பார்கள். பில் இல்லாத கார்டுக்கு வாரன்டி இல்லை என்று வைத்தே விலை பேசுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு வரி: கேபினட்டோடு இலவசமாக வந்ததை நம்பிக் கார்டைச் செருகாதீர்கள்.

ஆறாம் படி: மவுஸுக்கு முதலில் கையை அளவெடுங்கள்

மவுஸில் வடிவம்தான் முதல் விஷயம், சென்சார் அதற்குப் பிறகுதான். ஸ்கேலை எடுத்து மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். அதில் சுமார் 60 சதவீதம் மவுஸின் நீளமாக இருந்தால் பொதுவாகக் கைக்கு அடங்கும். 19 செ.மீ. கைக்கு 114 மி.மீ. பக்கம். இது தொடக்கக் கணக்குதான். உள்ளங்கை முழுவதையும் மவுஸ்மேல் படுக்க வைப்பவர்கள் கொஞ்சம் நீளமானதையும், விரல் நுனியால் மட்டும் பிடிப்பவர்கள் குட்டையானதையும் விரும்புவார்கள். விரலை மடக்கிப் பிடிப்பவர்கள் இரண்டுக்கும் நடுவில். லாஜிடெக் ஜி102, ஜி304 இரண்டும் சுமார் 117 மி.மீ., ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 125 மி.மீ., ரேசர் டெத்ஆடர் வகை 127, 128 மி.மீ. டெத்ஆடர் வலது கைக்கென்றே சாய்ந்த வடிவம்.

எடை குறைந்தால் நிறுத்துவது எளிது. ஜி102 சுமார் 85 கிராம், டபுள் ஏ பேட்டரியோடு ஜி304 99 கிராம், சூப்பர்லைட் 63 கிராமுக்குள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மவுஸைத் தூக்கி வைக்கும்போது வலிக்கக் கூடாது. கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் இதை மட்டுமாவது சோதியுங்கள்.

ஏழாம் படி: டிபிஐயின் உண்மை மதிப்பு

டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் சென்சார் எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பது. 26,000 டிபிஐ வைத்தால் 1920 பிக்சல் அகலத் திரையைக் கடக்க 2 மில்லிமீட்டர்கூட நகர்த்த வேண்டாம். யாராலும் அப்படி ஆட முடியாது. 800 டிபிஐயில் அதே தூரத்துக்கு 6 செ.மீ. ஆகிறது. 400, 800, 1600 போதும். மலிவான மவுஸ் பெட்டியில் பெரிய டிபிஐ இருந்தால், அது சென்சாரின் சொந்தத் திறன்தானா என்று சென்சார் மாடலைத் தேடிப் பாருங்கள். மாடலையே சொல்லாத மவுஸைத் தவிர்த்துவிடலாம்.

பிக்ஸ்ஆர்ட் 3360 சென்சாரே நொடிக்கு 250 அங்குல வேகம் வரை தாங்கும், அதாவது ஆறு மீட்டருக்கு மேல். சாதாரண ஆட்டத்துக்கு அது தாராளம். 3395-ஐ வயர்லெஸ் மவுஸ்களில் நிறையப் பார்க்கலாம். லாஜிடெக்கின் ஹீரோ சென்சாரும் அப்படித்தான். இந்த மட்டத்தில் சென்சாருக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புகிறது என்ற போலிங் ரேட்டுக்கும் இதே கதை. 125 ஹெர்ட்ஸில் 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தகவல், 1000-இல் 1 மில்லிசெகண்டுக்கு ஒன்று. இந்த மாற்றம் அவசியமானது. 8000-இல் 0.125. மிச்சமாவது ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு, ப்ராசசருக்கு வேலையோ கூடுதல். 240 ஹெர்ட்ஸுக்குக் கீழான மானிட்டரும் நடுத்தர ப்ராசசரும் உள்ளவர் 1000-இலேயே வையுங்கள்.

வயர்லெஸ் வேண்டுமென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் சிறு யுஎஸ்பி ரிசீவர்) உள்ளதை எடுங்கள். ப்ளூடூத்தில் கேம் ஆட வேண்டாம். டாங்கிளை கேபினட் பின்னால் யுஎஸ்பி 3 போர்ட்டுகளுக்கு நடுவே செருகினால் அலைக் குறுக்கீடு வந்து கர்சர் தாவும். எக்ஸ்டென்ஷன் கேபிளால் மவுஸ் பேட் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு கிளிக் இரண்டு கிளிக்காகப் பதிவாவது மெக்கானிக்கல் சுவிட்ச் மவுஸ்களின் பழைய நோய். உள்ளே ஓடும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் தகட்டில் படியும் ஆக்ஸைடு எரிந்து போவதில்லை. ஆப்டிகல் சுவிட்சில் ஒளி மறைவதைத்தான் கிளிக்காக எடுக்கிறார்கள், அதனால் இந்தத் தொல்லை இல்லை. கடலோர ஊர்க்காரர்களுக்கு நான் ஆப்டிகலையே சொல்வேன்.

எட்டாம் படி: வாங்கி வந்ததும் செய்ய வேண்டியது

விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் "என்ஹான்ஸ் பாய்ன்டர் பிரிசிஷன்" என்பதை ஆஃப் செய்யுங்கள். அது இருந்தால் மவுஸின் வேகத்தைப் பொறுத்து கர்சர் போகும் தூரம் மாறும், கைப்பழக்கம் வராது.

சென்சிட்டிவிட்டியை சென்டிமீட்டரில் யோசியுங்கள். வேலரன்டில் ஓர் எண்ணிக்கைக்கு 0.07 டிகிரி திரும்புகிறது. 800 டிபிஐ, 0.35 சென்சிட்டிவிட்டி என்றால் பெருக்கினால் 280. 360-ஐ 0.07-ஆலும் 280-ஆலும் வகுத்தால் 18.4 அங்குலம், ஏறத்தாழ 47 செ.மீ. முழு வட்டம் திரும்ப அவ்வளவு நகர்த்த வேண்டும். பின்னால் திரும்ப 23 செ.மீ. இந்தக் கணக்கு தெரிந்தால் மவுஸ் பேட் எவ்வளவு அகலம் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்: 25 செ.மீ. பேட் போதாது, 40-க்கு மேல் எடுங்கள். அதே உணர்வு கவுன்டர் ஸ்டிரைக் 2-இல் வேண்டுமானால் வேலரன்ட் எண்ணை 3.18-ஆல் பெருக்குங்கள், 1.11 வரும்.

கடைசியாக ஒரு சோதனை. கேமில் சுவரில் ஒரு புள்ளியைக் குறி வையுங்கள். பேடில் மவுஸ் இருக்கும் இடத்தை ஒரு பொருளால் அடையாளம் செய்துவிட்டு, வலப்பக்கம் வேகமாக இழுத்து, மெதுவாக அதே இடத்துக்குத் திரும்புங்கள். குறி அதே புள்ளியில் வந்து நின்றால் சென்சார் சரி. தள்ளி நின்றால், மேலே சொன்ன விண்டோஸ் செட்டிங்கை மறுபடி பாருங்கள். அது ஆஃபில் இருந்தும் ஒவ்வொரு முறையும் தள்ளியே நின்றால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் மவுஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.